ரயில்வே கேட்டில் திருப்ப வேண்டிய திருகு

இதை எழுத உட்காரும்போதே கை கூசுகிறது. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள் நான். கடைசியாக நான் தமிழில் எழுதியது, மகளுக்குக் காய்ச்சல் என்று அவளுடைய ஆசிரியைக்குக் கொடுத்த லீவுக் கடிதம். அதிலும் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லியும் பழக்கமில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு எதையும் வாசிக்க நேரம் கிடைப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஜோகூர் பாரு பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பள்ளிக் கண்டீனில் வேலை செய்கிறேன். பொரித்து மீந்த எண்ணெயைத் தகர டின்னில் ஊற்றி வைப்போம். மாதம் ஒருமுறை ஒருவர் லாரியில் வந்து எடுத்துப் போவார். அதிலிருந்து டீசல் செய்கிறார்களாம். போன மழைக்காலத்தில் அவர் வந்த காலை நல்ல குளிர். டின்னைக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்கவில்லை. வெண்ணெய் மாதிரி உறைந்து நின்றது.

"அக்கா, ஒரு கெட்டில் சுடுதண்ணி இருந்தா குடுங்க. பத்தே நிமிசம்" என்றார் அவர்.

கொடுத்தேன். டின்னுக்கு வெளிப்புறமாகச் சுற்றி ஊற்றினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எண்ணெய் இளகி ஓடியது. அவர் போன பிறகும் நான் காலி கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தேன். உடன் வேலை செய்பவள் வந்து வாங்கி வைத்தாள்.

இது பழைய கதை. எனக்கு அப்போது பத்து வயது. லாயாங் லாயாங்கில் ரயில்வே கேட்டைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. பள்ளி நாட்களில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். விடுமுறையில் கல்யாணம், கோயில் என்று வாடகைக்குப் போவார்.

அந்த வேனைச் சமையல் எண்ணெயில் ஓட வைத்தது மாமா. அம்மாவின் தம்பி. கூலாயில் ஒரு லாரி பட்டறையில் வேலை செய்தார். அங்கே ஒரு சீனர் தன் லாரியை அப்படி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலிலேயே வேனுக்கு அடியில் படுத்துக் கிடந்தார். பின் சீட்டுக்குப் பின்னால் எண்ணெய் ஊற்றி வைக்க ஒரு பிளாஸ்டிக் தோம்பு, பீப்பாய் மாதிரி, வைத்தார். கழற்றிப் போட்ட ஏர்கண்டிஷனிலிருந்து எடுத்த செம்புக் குழாயை, ரேடியேட்டரின் சுடுதண்ணீர் போகும் ரப்பர் குழாயோடு சுற்றிக் கட்டினார். அந்தச் சூட்டில் எண்ணெய் இளகி எஞ்சினுக்குப் போகும். முன் சீட்டில் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு திருகு. ஒரு பக்கம் சிவப்புச் சாயம், மறுபக்கம் பச்சை.

வண்டியைக் கிளப்பும்போது டீசல், அதாவது பச்சை. எஞ்சின் சூடானதும் சிவப்புக்குத் திருப்பினால் எண்ணெய். வீட்டில் நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மறுபடி பச்சைக்குத் திருப்ப வேண்டும். அப்போதுதான் குழாயில் இருக்கிற எண்ணெயை டீசல் தள்ளிக் கழுவிவிடும். திருப்பாமல் நிறுத்தினால் எண்ணெய் உள்ளேயே உறைந்து, மறுநாள் காலை வண்டி கிளம்பாது.

முதல் வாரம் அப்படி ஒருநாள் ஆனது. மாமா பதறவில்லை. "அக்கா, ரெண்டு கெட்டில் தண்ணி கொதிக்க வை" என்று அம்மாவிடம் சொன்னார். கொதித்ததைக் குழாய் மேலும் பம்ப் மேலும் ஊற்றினார். அப்பாவைக் கைப் பம்பை அழுத்தச் சொன்னார். அரை மணி நேரத்தில் வண்டி உறுமியது. பிறகு ஒருமுறை அதே மாதிரி ஆனபோது அப்பாவே தனியாகச் செய்து கிளப்பினார்.

திருகைத் திருப்பும் வேலையை மாமா எனக்குக் கொடுத்தார். நான் எப்போதும் அப்பா பக்கத்தில்தான் உட்காருவேன். எங்கே போய் வந்தாலும் ரயில்வே கேட்டு வந்ததும் அப்பா "பச்சை" என்பார். நான் குனிந்து திருப்புவேன். அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம். அப்பா ஒருநாளும் சொல்ல மறந்ததில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாலும், யாரையாவது திட்டிக்கொண்டு வந்தாலும், கேட்டுக் கம்பம் தெரிந்ததும் அந்தச் சொல் வந்துவிடும்.

எண்ணெயைப் பிசாங் கோரெங் போடும் வாழைப்பழ பஜ்ஜிக் கடையிலும், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கோழி பொரிப்பவரிடமும் வாங்கி வருவோம். அதை வடிகட்டுவது அக்காவின் வேலை. பள்ளி முடித்து வீட்டில் இருந்தாள். பழைய கைலியை நாலாக மடித்துத் தோம்பின் வாயில் கட்டி, சாயங்காலமெல்லாம் ஊற்றிக்கொண்டிருப்பாள். தூளும் கருகலும் துணியில் தங்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவள் தலையில் பொரித்த வாடை போகாது. வேன் புகையும் அப்படித்தான். பிள்ளைகள் ஓடி வரும்போதே மோந்து பார்த்து, "இன்னைக்கு கோழி லா!" என்று கத்துவார்கள். எங்கள் வேனுக்கு வடை வேன் என்று பெயர். எனக்கு வெட்கமாக இருக்கும். அப்பா மட்டும், "சிரிங்கடா, சிரிங்க. உங்கப்பன் வண்டி மணக்குமா?" என்பார்.

தாதியர் பயிற்சிக்கு விண்ணப்ப பாரம் கொண்டு வந்ததும் மாமாதான். அக்காவை உட்கார வைத்து நிரப்பினார். அப்பா கையெழுத்துப் போட்டார். ஜோகூர் பாருவில் நேர்முகத் தேர்வு என்று கடிதம் வந்தபோது, அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோப்பிக் கடையில் எல்லாரிடமும் காட்டினார். தேர்வானால் அக்கா மூன்று வருடம் அங்கேயே விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அக்கா ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டாள். வாடை ஏறிவிடும் என்று அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அம்மாவின் அலமாரியில் வைத்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், எண்ணெய் எடுத்துக்கொண்டு வரும் வழியில் அப்பா கோப்பிக் கடையில் நிறுத்தினார். நானும் கூட இருந்தேன். அங்கே இருந்த ஒருவர், அப்பாவோடு தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர், சிரித்துக்கொண்டே கேட்டார்:

"என்னாண்ணே, வண்டியும் மச்சான் சொன்னபடி ஓடுது, மகளும் மச்சான் சொன்னபடி போவுது. நீங்க என்னா அந்த வீட்டுல வாடகைக்கா இருக்கீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"மக போனா யாருண்ணே எண்ணெய் வடிக்கிறது?" என்றார் அவர் மறுபடியும்.

"அதுக்கென்னா, நீ வா" என்றார் அப்பா. அதற்கும் சிரித்தார்கள்.

வேனில் ஏறினோம். மழை வலுத்தது. டிசம்பர் மழை, விடாமல் மூன்றாவது நாள். ரயில்வே கேட்டு வந்தது. நான் திருகின் மேல் கை வைத்துக்கொண்டு அப்பாவின் வாயைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டைத் தாண்டினோம்.

"அப்பா, பச்சையா?" என்றேன்.

"விடு பாப்பா. கை பிசுக்காயிரும்."

கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். எண்ணெயில் நனைந்த அந்தத் திருகை எத்தனையோ நாள் திருப்பியிருக்கிறேன். என் கையைப் பற்றி யாரும் நினைத்ததில்லை. அன்றைக்கு அப்பா நினைத்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் விடியுமுன்னே அக்கா வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நின்றாள். சான்றிதழ்கள் பிளாஸ்டிக் பையில். ஒன்பது மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். மாமா நேராக அங்கே வந்து காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அப்பா சாவியைத் திருப்பினார். வேன் இருமியது. மறுபடி திருப்பினார். இருமல்கூட வரவில்லை.

அம்மா எதுவும் கேட்காமல் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். இரண்டு கெட்டில். அப்பா குடை பிடித்துக்கொண்டு எஞ்சினைப் பார்த்தபடி நின்றார். கொதித்ததும் அம்மா ஒரு கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஏங்க, ஊத்தவா?"

"வேண்டாம். பம்ப் போயிருச்சு. ஊத்தி புண்ணியமில்ல."

"ஒருவாட்டி ஊத்தித்தான் பாருங்களேன்."

"ஒனக்கு வண்டியப் பத்தி தெரியுமா? உள்ள போ."

அம்மா போகவில்லை. கெட்டில் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை அங்கேயே நின்றுவிட்டு, பிறகு உள்ளே போய்த் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார்.

அக்கா குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ரயில்வே கேட்டுவரை நடந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, கூலாயில் இறங்கி வேறு பஸ் மாறி, அவள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. பெயர் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மேசையில் இருந்த பெண், மலாயில் "சுடா ஹாபிஸ்" என்று மட்டும் சொன்னாராம். முடிந்துவிட்டது. எட்டு மணியிலிருந்து வாசலில் நின்ற மாமா உள்ளே போய்க் கெஞ்சியும் பயனில்லை.

இருவரும் சாயங்காலம் நனைந்துகொண்டு மாமாவின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். மாமா வீட்டுக்குள் வராமல் நேராக வேனிடம் போய் எஞ்சின் மூடியைத் திறந்தார்.

"என்னா மச்சான் ஆச்சு?"

"நீ போட்ட பைப்புதான் ஆச்சு. எண்ணெய் கட்டியாயி பம்ப்ப கெடுத்துருச்சு."

மாமா குழாயை ஒரு முனையில் கழற்றி விரலால் தொட்டுப் பார்த்தார். "பம்ப் நல்லாத்தான் இருக்கு. எண்ணெயிலேயே நிப்பாட்டியிருக்கு. நேத்து திருப்பலையா?"

அது யார் வேலை என்று எல்லாருக்கும் தெரியும். மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாப்பா, மறந்துட்டியாம்மா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை அழுக்காகக் கூடாது என்று விடச் சொன்னவரை எப்படி மாட்டிவிடுவது? உண்மையைச் சொன்னால் எல்லாரும் சேர்ந்து அவரைத் திட்டுவார்கள்.

"மறந்துட்டேன் மாமா" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்கா சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் காய வைத்துக்கொண்டிருந்தாள். "விடுங்க மாமா. சின்னப் புள்ள, அவளுக்கு என்னா தெரியும்" என்றாள்.

அப்போதுதான் அப்பா மறுபடி வாயைத் திறந்தார். "சின்னப் புள்ள கையில இந்த வேலைய குடுத்தது யாரு? நல்லா ஓடுன வண்டிய நாசம் பண்ணிட்டு, இப்ப வந்து கேள்வி கேக்குறான். இனிமே என் வீட்டு விசயத்துல நீ தலையிடாத."

மாமா கையைத் துடைத்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மாமா மழையிலேயே கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும் வருவார். வந்தாலும் சாப்பிடாமல் போய்விடுவார்.

அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம் என்று அம்மா சொன்னார். அடுத்த ஆண்டு பாரம் கொண்டு வர யாரும் இல்லை. அக்கா குளுவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். வேலை முடிந்து வந்து எண்ணெய் வடித்தாள். கல்யாணமாகிப் போகும்வரை வடித்தாள்.

இன்றைக்கு அப்பா இருப்பது அக்கா வீட்டில்தான். விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து படுக்கைதான். இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைப்பாள். புண் வராமல் பவுடர் போடுவாள். பார்க்க வருகிறவர்கள், "நர்ஸ் தோத்தாங்க போங்க" என்பார்கள். அக்கா சிரிப்பாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். எப்போதாவது அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால், அக்கா என்னைக் காட்டி, "இந்தக் கழுத மட்டும் அன்னைக்கு மறக்காம இருந்திருந்தா" என்று விளையாட்டாகச் சொல்லுவாள். நானும் சிரித்துவைப்பேன்.

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. மாமா சொன்னதெல்லாம் தன் வீட்டில் நடக்கிறதே என்று இருந்திருக்கலாம். எண்ணெய் வடிக்க ஆள் வேண்டும் என்று இருந்திருக்கலாம். போகாதே என்று அவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் அக்கா அழுதிருப்பாள், அம்மா சண்டை போட்டிருப்பார். ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதில் அதெல்லாம் இல்லாமல் முடிந்துவிட்டது. அவர் வேண்டுமென்றேதான் விட்டார் என்பது இருபது வயதிலேயே எனக்குப் புரிந்தது. ஆனால் தேர்வன்று காலையில் வேன் உண்மையாகவே கெட்டுவிட்டது, அவரே நினைத்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று, மாமா சொன்னதையும் மீறி, நம்பிக்கொண்டிருந்தேன். கண்டீனில் அந்த லாரிக்காரர் சுடுதண்ணீர் கேட்கும்வரை நம்பினேன். அம்மா கெட்டிலோடு ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவுக்கு என் கைமேல் அக்கறை என்பதுதான்.

தேர்வுக்கு மறுநாளும் மழை விடவில்லை. காலையில் அப்பா இரண்டு கெட்டில் சுடுதண்ணீர் ஊற்றிக் கைப் பம்பை அழுத்தினார். வேன் முதல் சாவியிலேயே கிளம்பியது. ஒரு கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு மெர்சிங் போய் வந்தோம். திரும்பும்போது ரயில்வே கேட்டு வந்ததும் அப்பா "பச்சை" என்றார். திருப்பினேன்.