குழாய்க்கு மேற்கே

முக்கூடல் செல்லும் பேருந்து திருநெல்வேலியைத் தாண்டும் முன்பே பழுதாகி நிற்கிறது. காலை ஏழு இருபது. இறங்கி, தாமிரபரணிக் கரையோரமாக நீரோடும் திசையில் கிழக்கே நடக்கிறேன். கோரைப் புற்களுக்கு நடுவே ஒரு குழாய் ஆற்றில் சாக்கடையைக் கொட்டுகிறது. அங்கிருந்து நாற்பது தப்படியில் ஒரு படித்துறை. அதன் கிழக்கே முந்தையதைவிடப் பெரிய குழாய், சாம்பல் நிற நுரை. கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்ற வேண்டிய மோட்டார் அறை அருகிலேயே பூட்டிக் கிடக்கிறது. பூட்டில் துரு.

படியில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியபடி நிற்கிறார். இரண்டு கால்களிலும் புண். முகம் கழுவ, அந்தப் பெரிய குழாய்ப் பக்கமாக இறங்கப் போகிறேன்.

“அங்கன எறங்காதீய அண்ணாச்சி, சாக்கடைத் தண்ணி. குழாய்க்கு மேக்க வாங்க.”

“கால்ல என்னம்மா?”

“நாத்து நட்டு வந்தது. வயலுக்கும் இந்தத் தண்ணிதான பாயுது. நல்ல தண்ணில கழுவணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காவ.”

மேற்கேயும் ஒரு குழாய் இருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறேன்.

“தெரியும். அதுக்கு மேக்க உள்ளவ அங்கன குளிக்கா. அவளுக்கு மேக்கயும் ஒரு குழா கெடக்கு. மேக்க மேக்கன்னு போனா, மலையில புலி கூடத்தான் குளிக்கணும்!”

அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு கை நீரை அள்ளி மூக்கருகே கொண்டுபோகிறார்.

“இன்னைக்கு வாடை கம்மிதான்” என்று சொல்லிவிட்டு, புண்ணின் மேல் மெதுவாக ஊற்றுகிறார்.