பண்டிகைக்கு மறுநாள்

பாங்காக்கில் எல்லோருக்கும் பண்டிகை வரும். தவீக்கு மட்டும் பண்டிகைக்கு மறுநாள்தான் வரும். சாவ் பிரயா ஆற்றில் குப்பை அள்ளும் படகில் அவருக்கு வேலை. ஊர் ஆடி முடித்து அசந்து தூங்கும்போது அவர் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். சீனப் புத்தாண்டு கழிந்தால் சிவப்புக் காகிதம் மிதந்து வரும். சொங்க்ரானில் ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடி ஓய்ந்தால் உடைந்த வாளிகளும் பிளாஸ்டிக் துப்பாக்கிகளும் வரும். அன்னையர் தினம் போனால் வாடிய மல்லிகைச் சரம். நாட்காட்டியைப் பார்க்காமலே அவருக்கு மாதம் தெரியும்.

இதில் அவருக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. "ஊர் சந்தோஷமா இருந்திருக்குன்னு முதல்ல எனக்குத்தானே தெரியுது" என்பார். நமக்கெல்லாம் எரிச்சல் வருகிற இடத்தில் அந்த மனிதருக்கு நன்றி வரும். காலையில் படகு ஏறியதும் ஒரு கை ஆற்று நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "அம்மா, உன் சோறுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் வலையைத் தொடுவார். மனைவி போன பிறகு ஒற்றை ஆளாக மகள் பிம்மை வளர்த்துப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது இந்த ஆற்றுச் சோற்றில்தான்.

வருடத்தில் பெரிய மறுநாள், லோய் கிரதோங்குக்கு அடுத்த நாள். பௌர்ணமி மாலையில் வாழைத்தண்டில் பூவும் விளக்கும் வைத்துக் கட்டிய கிரதோங்கை ஊரே ஆற்றில் விடும். ஆற்றையே கங்கைத் தாய் என்று கும்பிட்டு, தண்ணீரை அசுத்தம் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கும். கூடவே நகமோ முடியோ நறுக்கி வைத்து, வருடத்துப் பீடையையும் அனுப்பிவிடும். மன்னிப்புக் கேட்ட கையோடு இன்னும் கொஞ்சம் குப்பையைப் போடுகிறோமே என்று யாராவது கேட்டால் நம் ஆட்களுக்குக் கோபம் வந்துவிடும்.

இந்த வருடம் பிம்மின் குழந்தைக்கு அதே பௌர்ணமியன்று ஒரு மாதம் நிறைந்தது. காலையில் முதல் முடி இறக்கி, அதைத் தாமரை இலையில் வைத்து, மாலையில் கிரதோங்கில் விட வேண்டும். மறுநாள் பெரியவர்கள் குழந்தையின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். பெண் வீட்டுப் பக்கம் கட்ட இருப்பது தவீ ஒருத்தர்தான். அவர் எப்போதோ நூல் வாங்கி, கோயிலில் ஓதி வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

பண்டிகைக்குச் சில நாள் முன்பு, சம்பந்தியம்மா கிம்லானின் கோழிச்சோற்றுக் கடைக்குச் சாப்பிடப் போனார். தட்டில் வழக்கத்தைவிட அதிகமாகக் கோழி விழுந்தபோதே அவருக்கு என்னவோ போலிருந்தது.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று கிம்லான் ஆரம்பித்தார். "அன்னிக்குக் காலைல ஊர்ப் பீடையெல்லாம் கையால அள்ளிட்டு வருவீங்க. அதே கையால பச்சப் புள்ளைக்கு நூல் கட்டினா எனக்கு மனசு கேக்காது. வாங்க, உக்காருங்க, நல்லாச் சாப்பிடுங்க. நூல் மட்டும் வேணாமே."

லீவு போடலாமென்றால், அன்றைக்கு மட்டும் படகில் யாருக்கும் லீவு கிடையாது. "சரிங்க சம்பந்தி. புள்ள நல்லா இருந்தாப் போதும்" என்றார் தவீ. தட்டிலிருந்த கோழியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

பண்டிகைக்கு மறுநாள் விடியலில் படகு கிளம்பியது. கூட வேலை செய்யும் லாமைக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னண்ணே, மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்கீங்க? பேரன் விசேஷம் இன்னிக்குத்தானே?"

விஷயத்தைச் சொன்னார்.

"அடேங்கப்பா! கோழி வெட்டற கை கட்டலாமாம், உங்க கை கட்டக் கூடாதாமா?"

"விடும்மா. பிரசவத்தப்ப எம் பொண்ணுக்கு ராத்திரி பூரா கால் பிடிச்சுவிட்டது அந்தம்மாதான். அவ அம்மா இருந்தாக்கூட அப்படிச் செஞ்சிருப்பாளான்னு தெரியல. இது ஒண்ணுக்குப் போய் மூஞ்சி காட்ட முடியுமா?" என்றவர், பையில் இருந்த நூலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். வலிக்கத்தான் செய்தது.

முந்தின மாலை கடல் ஏறி ஆற்றைப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. போன கிரதோங்கெல்லாம் திரும்பிவந்து படித்துறைகளில் அடைந்து கிடந்தது. கோயில் படித்துறையை நெருங்கும்போது, துறவிகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்த கிம்லான் வெறும் பாத்திரத்தோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். படகைப் பார்த்ததும் கத்தினார்.

"சம்பந்தி! முடி போகலைங்க! திரும்பி வந்திருச்சு!"

கடைசிப் படிக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில், கிம்லான் சிவப்பு ரிப்பன் கட்டி விட்ட கிரதோங் செருகிக் கிடந்தது. தாமரை இலை மடிப்பு அப்படியே அதன்மேல் இருந்தது.

"நான் எடுத்தா பீடை வீட்டுக்கே திரும்பி வந்த மாதிரி ஆயிரும். விட்டா இங்கயே கெடந்து அழுகும். எனக்கு ஒண்ணுமே ஓடலையே!" அந்தம்மா அழுதேவிட்டார்.

"ஏம்மா, இவர் கை ஆகாதுன்னு சொன்னீங்களாமே?" என்றாள் லாமை.

தவீ முறைத்தார். கிம்லான் தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னேன்தான்" என்றார்.

தவீ வலையைக் கீழே வைத்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் கிரதோங்கை எடுத்தார். "கடல் தள்ளினா ஆறு என்னங்க பண்ணும்? ஊர்ல எல்லாருதும்தான் திரும்பி வந்திருக்கு. இப்பத் தண்ணி இறங்குது, அழாதீங்க."

படகில் ஏறி நடு ஆற்றுக்குப் போனதும் தாமரை இலையை மட்டும் தண்ணீரில் வைத்தார். "அம்மா, எம் பேரன் முடி. கொண்டுபோய்ச் சேர்த்துரு."

"ஆத்துல குப்பை போட்டா அபராதம்ண்ணே" என்ற லாமை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இலை நேராகக் கடல் பக்கம் போனது. படித்துறையில் கிம்லான் அது மறையும்வரை கும்பிட்டபடி நின்றார்.

வேலை முடிந்து, நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, தவீ சம்பந்தி வீட்டுக்குப் போனார். உறவுக்காரர்களுக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தார். பிம் மொட்டைத் தலைக் குழந்தையை ஏந்தி நடுவில் இருந்தாள். எல்லோரும் கிம்லானுக்காகக் காத்திருந்தார்கள். அவரோ நூல் தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் தாண்டிச் சுவரோரம் வந்தார்.

"முதல் நூலு நீங்க."

தவீ எழுந்திருக்கவில்லை. "கை..." என்றார்.

"கட்டறதுக்கு முன்னாடி நூலால வெளிப்பக்கமாத் தடவி, கெட்டதை அனுப்பணும் இல்ல? எங்களுக்கு அதைத் தண்ணில விடத்தான் தெரியுது சம்பந்தி. அனுப்பி வைக்கிறது நீங்கதானே."

தவீ சட்டைப் பையிலிருந்து தன் நூலை எடுத்தார். அந்த நூலால் பேரனின் பிஞ்சு மணிக்கட்டைத் தடவி முடிச்சுப் போட்டார். நிமிர்ந்து பார்த்தால், கிம்லான் தன் கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் ஒண்ணு கட்டிவிடுங்க" என்றார்.