வேவுக்காரன் விட்டுப்போன டிக்

இருபத்திரண்டு வருஷம். இந்தக் கணக்கை மறந்துடாதீங்க. எங்க தெருவுல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குற அக்கா இத்தனை வருஷத்துல ஒருத்தரைக்கூட "நீ எதை அமுக்கினே?"ன்னு அதட்டினதில்ல.

அன்னிக்குக் காலையில வெல்டர் வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒளிஞ்சிருந்த வேவு புரோகிராமை அழிச்சிட்டு வந்தாங்க. ஒரு மணி நேரத்துல போன் வந்துச்சு, நெட்டே வரலைன்னு. பதினொரு மணிக்கு வெல்டர் மகளுக்கு நர்ஸ் வேலை இன்டர்வியூ. போன்ல கூடாது, கம்ப்யூட்டர்ல வீடியோவுலதான் வரணும்னு உத்தரவு.

அக்கா ஓடினாங்க. வெல்டர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிட்டிருந்தார்.

"விடுப்பா, அது என்ன ஆடுற பல்லா?"ன்னா மக.

"ஓசி கேமுன்னு நான்தான் எதையோ இறக்கினேன்க்கா. புள்ள பொழப்புல மண்ணைப் போட்டுட்டேன்." வெல்டருக்குக் குரல் உடைஞ்சுது.

"சும்மா இருங்க தம்பி. நெட்டு போனது என் தப்பு. நெட்டுல போறதெல்லாம் தன் வழியாப் போகணும்னு அந்த வேவு பாக்குற திருட்டுப்பய செட்டிங்கை மாத்தி வச்சிருந்தான். அவனை விரட்டினேன், செட்டிங்கைப் பாக்காம வந்துட்டேன். இப்ப நெட்டு ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்குது."

செட்டிங்குல ப்ராக்ஸின்னு, நெட்டை இன்னொருத்தர் வழியா அனுப்பச் சொல்ற இடத்துல இருந்த டிக்கை அக்கா எடுத்தாங்க. பக்கம் திறந்துச்சு. வெல்டர் கண்ணைத் துடைச்சிக்கிட்டு மகளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பதினொண்ணுக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருந்துச்சு.