போன்சோவின் நாயை நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தவள்

மலபோன் நகரில் எங்கள் சந்தில் சாவு வீட்டுக்குப் போனவர்கள் நேரே வீடு திரும்புவதில்லை. திரும்பினால் செத்தவர் பின்னாலேயே வந்து, வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போவார். அதனால் நடுவில் ஒரு கடையில் உட்கார்ந்து எதையாவது தின்று, அவரை அங்கேயே உதறிவிட்டு வருவோம். இந்தச் சட்டத்துக்குக் காவல் ரெமெடியோஸ். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்ந்தவள். ஒருமுறை பாதிரியாரையே வழிமறித்துக் காபி குடிக்க அனுப்பியிருக்கிறாள்.

அந்த ரெமெடியோஸ்தான் தச்சர் போன்சோவின் சாவு வீட்டிலிருந்து நேரே வந்தாள்.

காரணம், சவப்பெட்டிக்கு அடியில் படுத்திருந்த அவருடைய நாய் சார்ஜண்ட். வயது பதினான்கு. ஒரு கண்ணில் பால் படர்ந்திருந்தது, பின்னங்கால்கள் பெயருக்குத்தான் இருந்தன. அடக்கம் முடிந்ததும் சாக்கில் கட்டி எங்காவது தள்ளிவிடலாம் என்று மகன்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாயோடு எந்தக் கடையில் உள்ளே விடுவார்கள்? இரக்கம் அன்று ஒருநாள் பயத்தை வென்றது. மறுநாள் காலை பயம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

நாய் சோற்றைத் தொடவில்லை. தினமும் பிற்பகல் மூன்று மணிக்குத் தலையைத் தூக்கி, யாருமில்லாத வாசலைப் பார்த்து வாலாட்டியது.

"வாங்க போன்சோ, உக்காருங்க," என்று அவள் கணவர் ஃபெலினோ காலி நாற்காலியைக் காட்டினார். இதயம் பழுது, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன மனிதர். வாய் மட்டும் பழுதில்லை.

"வெளையாட்டா இருக்கா உங்களுக்கு? அவரு கூட்டிட்டுப் போகணும்னா இந்த வீட்ல யார கூட்டிட்டுப் போவாரு?"

"ஒன்னத்தான். நல்லாச் சமைப்பேல்ல."

நாயை விட்டுவிடு, இல்லாவிட்டால் புருஷனை விடவேண்டியிருக்கும் என்று சந்தே சொன்னது. நானும் சொன்னேன். அவள் இரண்டையும் விடுவதாக இல்லை. ஐந்தாம் நாள் நாயைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, முனையிலுள்ள சியோனியின் ரொட்டிக்கடைக்குப் போனாள்.

சியோனி கதவை மறித்தாள். "அஞ்சு நாள் பழைய ஆவிய எங்கிட்ட கொண்டாந்து உதறுவியாக்கா? பழைய ரொட்டியையே நான் கடையில வைக்கறதில்ல!"

"உள்ள வரல தாயி. வெளிய பெஞ்சுல உக்காந்து தின்னுட்டுப் போயிடறேன்."

ரொட்டியைப் பாலில் நனைத்து நீட்டினாள். ஐந்து நாளில் முதல்முறையாக நாய் தின்றது. கிளம்பும்போது காலிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து வாலாட்டிவிட்டு, அவளோடு வந்தது.

அதன்பின் வாசல் வெறும் வாசலாயிற்று. நாய் தேறியது. இரவில் அவள் காலடியில் படுத்தது. உண்ணி போகச் சீவினாள், மீன் முள்ளெடுத்து ஊட்டினாள். ஃபெலினோவுக்கு அந்தப் பாக்கியம் கிட்டியதில்லை என்று அவரே சொல்வார். உதறப்பட்டவர் கடையில் உட்கார்ந்து என்ன செய்வார் என்பதை மட்டும் நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

நாய் யோசித்தது. கால் தேறியதும் தினமும் மூன்று மணிக்கு நொண்டி நொண்டி அந்தப் பெஞ்சுக்குப் போய்விடும். ரெமெடியோஸ் பெஞ்சை நெருங்காமல் எட்ட நின்று கூப்பிட்டு அழைத்து வருவாள். ஃபெலினோவை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பமாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. ரெமெடியோஸ் குளித்துவிட்டு வந்து பார்த்தால் நாயுமில்லை, கணவருமில்லை. ஈரத்தலையோடு ஓடினாள். நான் பின்னால் குடையோடு ஓடினேன்.

ஃபெலினோ பெஞ்சின் ஒரு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பாதி முதுகு மழையில் நனைந்தது. அவருக்கும் கடைச் சுவருக்கும் நடுவே, கூரைக்கடியில், ஓர் ஆள் இடம் காய்ந்து கிடந்தது. அதன் கீழே சார்ஜண்ட்.

"தள்ளி உக்கார வேண்டியதுதானே? நனையறீங்கல்ல!" ரெமெடியோஸ் எட்ட நின்றே கத்தினாள்.

"உக்காரப் போனேன்டி," என்றார் ஃபெலினோ, மென்றுகொண்டே. "நாய் பல்லக் காட்டுது."