ஆறு அமுக்கு

என் வீட்டுக்காரருக்கு இந்த வட்டாரத்தில் ‘அசையாதீங்க சார்’ என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. இருபத்தாறு வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிறார். ஸ்டூலில் உட்கார்ந்தவர் எச்சில் விழுங்கினால்கூட “அசையாதீங்க!” என்று ஒரு அதட்டல். ஒருமுறை பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவர், வந்த தும்மலை அடக்கி அடக்கிப் படம் எடுத்துக்கொண்டு, வாசலுக்குப் போய் பன்னிரண்டு தும்மல் தும்மினார். உள்ளே இருந்து நான் எண்ணினேன்.

ஊரை அசையாதே என்று சொல்கிற மனுஷர் தானும் லேசில் அசைய மாட்டார். ஒரே நாற்காலி, ஒரே மாதிரிச் சட்டை, ஐந்து வருஷமாக ஒரே கேமரா. படம் எடுப்பது மட்டும்தான் அவர் வேலை. கணினி, பிரிண்டர், படம் வெட்டும் கத்தி, “என் மூக்கு இப்படியா இருக்கு?” என்று கேட்கும் வாடிக்கையாளர், எல்லாம் என் தலையில்.

அவருக்கு வெள்ளெழுத்து வந்து நாலு வருஷம் ஆகிறது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கண்ணாடி போட்டால் கிழவனாகிவிடுவோம் என்று ஒரு நினைப்பு. முதலில் செய்தித்தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கை நீளம் போதாமல் போனதும், “இப்பல்லாம் பேப்பர்ல ஒண்ணுமே இல்ல” என்று நிறுத்திவிட்டார். ஹோட்டலுக்குப் போனால் பட்டியலை வாங்கி மேலும் கீழும் பார்த்து, மூடி வைத்து, “உனக்கு என்னவோ அதே எனக்கும்” என்பார். இரண்டு மாதம் அதை அன்பு என்று நம்பி நான் பூரித்துப் போயிருந்தேன். ஒருநாள் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவர் தலையாட்டியபோதுதான் என் பூரிப்பு இறங்கியது.

ஆனால் கேமராவில் அவரை ஒருவரும் குறை சொல்ல முடியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தை அவர் பார்வைக்குத் தகுந்தபடி திருகி வைத்திருந்தார். பின்பக்கத் திரையில் இருக்கும் பொடி எழுத்துக்குத்தான் கண் போதாது. அதை விரல்கள் பார்த்துக்கொண்டன. எந்த வேலைக்கு எந்தப் பொத்தானை எத்தனை தடவை என்பது அத்தனையும் கட்டைவிரலுக்கு மனப்பாடம். டைமர் வைக்க ஆறு அமுக்கு. மெனு, கீழே, கீழே, சரி, வலது, சரி. மூன்றாவது வரியில் டைமர். வலது பக்கம் நகர்த்தினால் இரண்டு விநாடி பத்து விநாடியாகும். சரி என்றால் முடிந்தது. பேசிக்கொண்டே, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு அமுக்குவார்.

அந்த ஆறு அமுக்குக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வேலை. பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கும் நாள். பன்னிரண்டு வகுப்பும் முடிந்த பிறகு கடைசியாக ஆசிரியர்கள் படம். “நீங்களும் வந்து நில்லுங்க சார்” என்று தலைமையாசிரியை கூப்பிடுவார். இவர் டைமரை வைத்துவிட்டு ஓட வேண்டும். பள்ளிக்கூடமே சுற்றி நின்று பத்திலிருந்து ஒன்று வரை கத்தும். அசையாதீங்க சார் அசைவதைப் பார்க்க வருஷம் முழுக்கக் காத்திருக்கிற கூட்டம் அது. இவரும் வெட்கப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, முதல் நாள் இரவே ஷூவுக்கு பாலிஷ் போட்டு வைப்பார்.

இந்த வருஷம் அதற்கு முந்தின நாள்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பழைய படங்களைக் கணினிக்கு மாற்றுவதற்காகக் கேமராவை இணைத்திருந்தேன். ‘புதிய பதிப்பு தயார். இப்போதே மாற்றவா?’ என்று ஒரு பெட்டி வந்தது. மூன்று மாதமாக வந்துகொண்டிருந்த பெட்டிதான். ஒவ்வொரு தடவையும் ‘பிறகு’ என்று விரட்டியிருந்தேன். அன்றைக்கு எனக்கே என்மேல் சலிப்பு வந்து, அதில் போட்டிருந்ததைப் படித்தேன். ‘கையாளுதல் மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்று இருந்தது. நல்லதுதானே என்று ‘ஆம்’ போட்டேன். பத்து நிமிஷம் ஓடியது, முடிந்தது. இவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு அம்மா மூக்கு சரியில்லை என்று வந்துவிட்டார், மறந்துபோனேன்.

மறுநாள் நடந்ததைத் தலைமையாசிரியை பிறகு எனக்கு விவரமாகச் சொன்னார். முதலில் நின்றது மழலையர் வகுப்பு. இவர் துவாரத்தில் கண்ணை வைத்தவர் சட்டென்று எடுத்து, கண்ணைக் கசக்கி, மறுபடி வைத்து, மறுபடி கசக்கினாராம். பன்னிரண்டு வகுப்பு முடிவதற்குள் நாலு தடவை போய் முகம் கழுவினாராம். ஆசிரியர்கள் படத்துக்குக் கண் சிவந்துபோய், ஆனாலும் வழக்கம்போல் ஆறு அமுக்கு அமுக்கிவிட்டு ஓடினார். பிள்ளைகள் பத்திலிருந்து ஒன்று வரை கத்தினார்கள். கேமராவில் விளக்கு மின்னவில்லை, சத்தம் இல்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு நின்றார்கள். பிள்ளைகள் கொஞ்சம் யோசித்து, திரும்பவும் பத்திலிருந்து எண்ணினார்கள். மூன்றாவது சுற்றில் கணக்கு ஆசிரியர், “இது எதுக்கும் உதவாத கணக்கு” என்று வரிசையை விட்டு இறங்கிவிட்டார். இவர் திரும்பி வந்து, டைமர் இல்லாமலே வெறும் கையால் மூன்று படம் எடுத்துக்கொண்டு வீடு வந்தார்.

கார்டைக் கணினியில் போட்டேன். மூன்று படம் இருந்தது. மூன்றிலும் ஆசிரியர்கள், யாருக்கும் சிரிப்பு மிச்சமில்லை.

“மத்த படம் எங்கங்க?”

“அதுலதான் இருக்கும். நல்லா பாரு.”

நல்லா பார்த்தேன். பன்னிரண்டு வகுப்பும் காணோம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இனி அவர்களை ஒரே வரிசையில் பார்ப்பது நடக்காத காரியம். கார்டையும் கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண்ணிடம் ஓடினேன்.

அந்தப் பெண் நிதானமான பேர்வழி. கார்டை ஏதோ ஒரு மென்பொருளில் போட்டு ஓடவிட்டுவிட்டு, கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அக்கா, இதுல சமீபத்துல அப்டேட் ஏதாவது பண்ணீங்களா?”

“ஏன் கேக்கற?”

“மெனு மாறியிருக்கு. மேல புதுசா ஒரு வரி வந்து, மத்ததெல்லாம் ஒண்ணொண்ணு கீழ இறங்கியிருக்கு. இங்க பாருங்க, மூணாவது வரி ‘கார்டை அழி’. சரின்னு கொடுத்தா ‘வேண்டாம்’, ‘ஆம்’னு கேக்குது. வலது பக்கம் நகர்த்தினா ‘ஆம்’.”

மெனு, கீழே, கீழே, சரி, வலது, சரி. பக்கத்தில் கிடந்த பிரிண்டர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

படங்கள் திரும்பி வந்தன. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம். மழலையர் வகுப்பில் எடுத்த மூன்று மட்டும் போயே போய்விட்டது. அந்த இடத்தில்தான் ஆசிரியர்களின் மூன்று படம் போய் உட்கார்ந்திருந்தது. தலைமையாசிரியையிடம் பேசினேன். “பொடிசுங்க இன்னும் ஒரு வாரம் வருவாங்க. திங்கக்கிழமை சாரை வரச் சொல்லுங்க. எங்க படத்தையும் அப்பவே திரும்ப எடுத்துடலாம்” என்று பெரிய மனது பண்ணினார். இவரிடம் வந்து, “கார்டுல ஏதோ கோளாறாம். எல்லாம் கிடைச்சிடுச்சு” என்று மட்டும் சொன்னேன். அப்டேட் பற்றி வாயைத் திறக்கவில்லை. குடையைப் பேருந்தில் விட்டு வந்ததற்கு, கேஸை அணைக்காமல் போனதற்கு என்று இருபத்தாறு வருஷம் இவரைக் கரித்துக்கொட்டிய வாய். அதே வாயால் எப்படிச் சொல்வது?

“கார்டு இல்ல” என்றார். “என் கைதான். அமுக்கினது எனக்கே ஞாபகம் இருக்கு. எங்கயோ தப்பா அமுக்கியிருக்கேன்.”

சனிக்கிழமை காலையிலிருந்து கையைப் பரீட்சை பண்ண ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பொத்தான் போட்டார், சரியாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடைப் பூட்டைத் திறந்தார், திறந்தது. கண்ணை மூடிக்கொண்டு டிவி ரிமோட்டில் செய்தி வைத்தார், கார்ட்டூன் வந்தது. கேபிள்காரன் போன வாரம்தான் சேனல் வரிசையை மாற்றியிருந்தான். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டிவரும் என்று முழுங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் கேமராவை உறையில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் ஏற்றினார். கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது. ‘படம் எடுப்பதில்லை. பிரிண்ட் மட்டும்.’

“திங்கக்கிழமைக்கு வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லிடு” என்றார். “கையும் போச்சு, கண்ணும் போச்சு.”

“கண்ணுக்கு என்னங்க?”

குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்கு முழுக்க மஞ்ச மஞ்சளா சதுரம் தெரிஞ்சுது. ஒவ்வொரு பிள்ளை மூஞ்சிலயும் ஒண்ணு. பிள்ளை நகர்ந்தா அதுவும் கூடவே நகருது. பெரிய வியாதியா இருக்கும்னு நினைக்கறேன். நீ பயப்படாத.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இரண்டையும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மனுஷர் தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவரை எதிர் ஸ்டுடியோவுக்குக் கைகாட்டி அனுப்பினார். ஸ்டுடியோ இல்லாமல் இவர் என்ன ஆவார் என்று அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. என் மானம் போனால் போகிறது என்று போய் எதிரில் உட்கார்ந்தேன்.

“நான்தாங்க அப்டேட் பண்ணினேன்.”

“என்னது?”

“கேமராவ. வியாழக்கிழமை. கேமராவுக்குள்ள இருக்கிற மூளைய எடுத்துட்டு வேற வைக்கிற மாதிரி. மெனுவுல புதுசா ஒரு வரி வந்து எல்லாம் கீழ இறங்கிடுச்சு. டைமர் இருந்த இடத்துல அழிக்கிறது வந்துடுச்சு.”

விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினார். “அப்போ நான் அமுக்கினது?”

“ஆறும் சரி. ஒண்ணுகூடத் தப்பில்ல.”

“மஞ்சச் சதுரம்?”

“அதுவும் அதுதான். மூஞ்சி எங்கன்னு கேமராவே தேடிப் பிடிக்குதாம்.”

“என் கண்ணுல இல்லையா?”

“கேமராவுல.”

எழுந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “என் கை நல்லாத்தான் இருக்கு!” என்று கட்டைவிரலை எனக்கே தூக்கிக் காட்டினார். சமையலறைக்குப் போய், கல்யாணமான நாளிலிருந்து நாலாவது தடவையாக, தானே டீ போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அப்பாடா, தப்பித்தோம் என்று இரண்டு வாய் குடித்தேன்.

மூன்றாவது வாய்க்கு அவர் முகம் மாறியது.

“இரு. நீயா அமுக்கின? என்னை ஒரு வார்த்த கேக்காமலா?”

அவருக்குக் கோபத்துக்கும் டைமர் உண்டு, கொஞ்சம் தாமதமாகத்தான் அடிக்கும். இருபத்தாறு வருஷமாக என்னைத் திட்ட ஒரு காரணம் கிடைக்காமல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்கு இறக்கினார். குடை வந்தது, கேஸ் வந்தது, என் அக்காகூட வந்தாள். நான் அசையவில்லை. முழுக்க நியாயம், வாங்கிக்கொண்டேன். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஒன்றே ஒன்று கேட்டேன்.

“அழிக்கட்டுமான்னு திரையில கேட்டிருக்குமே. படிக்கலையா?”

மறுபடி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“படிக்க முடியல” என்றார்.

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“ஹோட்டல்ல பட்டியலத் தலைகீழாப் பிடிச்சதுலேர்ந்து.”

“அடிப்பாவி. சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

திங்கட்கிழமை காலை கண்ணாடிக் கடை திறந்ததும் நாங்கள்தான் முதல் போணி. படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டினார். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் பேருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, என் கைக்கடிகாரத்தின் பின்பக்கம் என்று ஒன்று விடாமல் படித்தார். “இவ்ளோ எழுதி வெச்சிருக்கானுங்களா?” என்று அவருக்கே ஆச்சரியம்.

மழலையர் வகுப்பை எடுத்தபோது மஞ்சள் சதுரங்களோடு அவருக்குச் சிநேகமாகிவிட்டது. “மூணாவது வரிசை பாப்பா, உன்னப் பிடிச்சிடுச்சு பாரு!” என்று ஒவ்வொன்றையும் அறிவித்தார். ஆசிரியர்கள் படம் வந்தது. கண்ணாடியை மாட்டி, மெனுவைத் திறந்து, வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் வரி வரியாகச் சத்தமாக வாசித்தார். மூன்றாவது வரி வந்ததும் நிறுத்தி, “ஓ, நீதானா அது?” என்று அதை முறைத்தார். நாலாவது வரியில் டைமர். வைத்துவிட்டு ஓடினார். கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். தரை அவருக்கு எங்கே எப்படித் தெரிந்ததோ, இல்லாத படியை எட்டித் தாண்டினார். சரியாக அப்போது ஒன்று என்று பிள்ளைகள் கத்த, கேமரா எடுத்துவிட்டது. படத்தில் பதினாறு ஆசிரியர்கள் தரையிலும் இவர் ஒருவர் அந்தரத்திலும் இருக்கிறார்கள். அதைத்தான் பெரிதாகப் போட வேண்டும் என்று தலைமையாசிரியை ஒற்றைக் காலில் நின்றார்.

திரும்பும்போது கடை வாசலில் தொங்கிய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, “வா, வெளிய சாப்பிடலாம்” என்றார்.

ஹோட்டலில் பணியாள் ஆளுக்கொரு பட்டியலைக் கொடுத்தான். இவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டினார். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, உதடு அசைய, பின்பக்கம் திருப்பி, ஹோட்டலின் தொலைபேசி எண்ணையும் அச்சகத்தின் பெயரையும்கூட விடாமல் படித்து முடித்தார். பணியாள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான்.

“என்ன வேணும் சார்?”

இவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். பட்டியலை மூடினார்.

“இவங்களுக்கு என்னவோ அதே எனக்கும்.”

நான் இன்னும் என் பட்டியலைப் பிரிக்கவே இல்லை.