கட்டை போட மச்சான் இருந்தான்

புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ட்ரக்டர் ஓட்டுகிறேன். கொழுந்து ஏற்றும் ட்ரெய்லரின் பிரேக் பல மாதமாகச் சரியாகப் பிடிக்கவில்லை. இறக்கத்தில் வேகம் கூடினால், ட்ரெய்லரின் பின்னால் நிற்கும் என் மச்சான் செல்வம் குதித்து டயருக்கு முன்னால் கட்டை போடுவான்.

"பிரேக்கைச் செய்வோம் மச்சான்" என்பான்.

"அதான் நீ இருக்கியே!" என்று சிரிப்பேன்.

ஒரு மழை நாள், கட்டையோடு அவனும் வழுக்கி விழுந்தான். டயர் காலில் ஏறியது. பேராதனை ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

தேய்ந்த பிரேக் லைனரை மாற்ற கராஜ்காரருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. இப்போது ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னும் நிறுத்திப் பிரேக்கைப் பார்க்கிறேன். ட்ரெய்லரில் ஆள் ஏற்றுவதில்லை.

வேலை முடிந்து வந்தால், செல்வம் கதிரையில் உட்கார்ந்தபடி, "பிரேக் பிடிக்குதா மச்சான்?" என்று கேட்கிறான்.