முழங்காலில் இரண்டு தட்டு

யாராவது தலைவலி என்றால் போதும், நான் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடுவேன். சுக்குப் பத்தும் தைலமும் அப்புறம்தான். தேக்கா சந்தையில் வாங்கிய நொச்சி இலை, ஒரு சிட்டிகை மஞ்சள், கொதிக்கிற தண்ணீர், மேலே கனத்த போர்வை. மாத்திரைக்கு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்.

பாசிர் ரிஸ்ஸில் அக்கா எனக்கு இரண்டு ப்ளாக் தள்ளி இருந்தாள். மழை பிடித்துக்கொண்டால் இருவருக்கும் மண்டையிடி வந்துவிடும். நடுவில் சட்டியை வைத்து, ஒரே போர்வைக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆவி பிடிப்போம். வாயைத் திறந்தால் இருமல் வரும் என்று உள்ளே பேசமாட்டோம். போதும் என்றால் அடுத்தவள் முழங்காலில் இரண்டு தட்டு. அதுதான் எங்கள் வழக்கம்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மாலை அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பின்மண்டை பொளக்குதுடி. இந்த மாதிரி வந்ததே இல்ல. கிளினிக் போயிடுவமா?"

"தலைவலிக்கெல்லாம் கிளினிக்கா? உட்காரு லா, பத்து நிமிஷத்துல சரியாயிடும்."

போர்வைக்குள் அவள் இரண்டு முறை தட்டினாள். இன்னும் கொஞ்சம் வியர்க்கட்டும் என்று அவள் கையை நகர்த்திவிட்டேன். மறுபடியும் தட்டினாள். நான் போர்வை ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறும்போது விழுந்தவள், எழவே இல்லை. மூளையில் ரத்தக் கசிவாம். அந்தத் தட்டுகளைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, செகண்டரி படிக்கும் என் மகள் அறையிலிருந்து வந்தாள். "கண்ணுக்குப் பின்னாடி குத்துதும்மா. த்ரீ டேஸா இருக்கு." வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் கை தானாகச் சட்டிக்குத்தான் போயிற்று. புத்தி வரவில்லை.

இருவரும் போர்வைக்குள் புகுந்தோம். நொச்சி வாசனை மூக்கில் ஏறியது. ஒன்றுமே தெரியாத இருட்டு. மகளின் மூச்சு எதிரே கேட்டது. சற்று நேரத்தில் என் இடது முழங்காலில் இரண்டு தட்டு.

"அதுக்குள்ள போதுமா?" என்றேன்.

"என்னம்மா போதும்?"

"நீதானே தட்டினே?"

"நான் ரெண்டு கையாலயும் போர்வையைப் புடிச்சிட்டிருக்கேன்மா."

அவளுக்கு அந்த வழக்கமே தெரியாது. நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அசையாமல் இருந்தேன். அதே இடத்தில் மறுபடியும் இரண்டு தட்டு. இந்த முறை அழுத்தமாக.

போர்வையைத் தூக்கி எறிந்தேன். சட்டி கவிழ்ந்து தரையெல்லாம் இலை. "செருப்பைப் போடு," என்றேன். வியர்வை துடைக்கக்கூட விடாமல் அவளைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் நிதானமாகப் பரிசோதித்தார். கண்ணாஸ்பத்திரிக்கும் அனுப்பினார். பார்வைக் கோளாறுதான், வேறொன்றுமில்லை. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள், வலி இல்லை.

கண்ணாடி வாங்கிவந்த அன்று அவள் டியூஷனுக்குப் போனதும், சட்டியும் தண்ணீரும் இல்லாமல் அந்தப் போர்வைக்குள் தனியாக உட்கார்ந்தேன்.

"கூட்டிட்டுப் போயிட்டேன்க்கா," என்றேன்.

முழங்காலை நீட்டிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தேன். யாரும் தட்டவில்லை.